பார்ப்பவனின் தீங்கும் பார்க்கப்பட்டவளின் இசைவும்: கொல்லிப்பாவை தொடங்கி இணையவெளி வரை ‘ஆபாசம்’ என்னும் கருத்தாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

ஆபாசத்தைத் தடுப்பதற்காக இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டங்கள் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ‘பார்ப்பவர் மனம் கெடுமா?’ என்னும் வினாவையே முதன்மையாக எழுப்பி வந்துள்ளன. ‘படத்தில் உள்ள பெண் அதற்கு இசைந்தாளா?’ என்னும் வினா மிகப் பிந்தியே சட்டத்துக்குள் நுழைந்தது. இவ்விரு வினாக்களுக்கும் இடைப்பட்ட வரலாற்றைத் தமிழக வழக்குகள், நூல்தடைகள், வெகுசன ஊடகங்கள் ஆகியவற்றின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. கொல்லிமலை வட்டாரத்தின் பாவைத் தொன்மமும் அதே நாமக்கல் மாவட்டத்தில் எழுந்த ‘மாதொருபாகன்’ வழக்கும் இவ்வாய்வின் இரு முனைகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: ஆபாசம், கொல்லிப்பாவை, பண்டமாக்கல், பாலின வார்ப்புகள், இசைவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம்.

1. மலையடிவாரமும் பாவையும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில், மலைப்பாதை தொடங்கும் காரவள்ளிக்கு முன்னதாக அமைந்துள்ள பேரூர் காளப்பநாயக்கன்பட்டி. இங்கிருந்து பார்த்தால் தெரியும் மலையின் பெயரோடு இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு பெண்ணுருவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொல்லிப்பாவை என்னும் அவ்வுருவத்தைக் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய தொகைநூல்கள் பாடுகின்றன. தெய்வம் எழுதியது, பூதம் செய்தது எனப் பாடல்கள் அதன் தோற்றத்தை வேறுபடக் கூறுகின்றன. பகைவரை அழிக்கவே அது அமைக்கப்பட்டது என்றும், தன் சிரிப்பால் காண்பவரை மயக்கிக் கொல்லும் என்றும் பிற்கால மரபு விரித்துரைக்கும். மலைமீதுள்ள எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்பது இவ்வட்டார மக்களின் நம்பிக்கை.

இலக்கிய ஆய்வாளர்கள் பாவையின் இருப்பிடம், தொழில்நுட்பம், வழிபாட்டுத் தொடர்ச்சி ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளனர். இக்கட்டுரைக்கு வேண்டுவது அத்தொன்மத்தின் அமைப்பு மட்டுமே. அவ்வமைப்பில் தீங்கு உருவத்திலிருந்து புறப்பட்டுப் பார்ப்பவனைச் சென்றடைகிறது. கொல்வது பாவை, சாவது கண்டவன். பாவைக்கு ஏதேனும் நேர்ந்ததா என்று எந்தப் பாடலும் கேட்பதில்லை. காற்றும் இடியும் வந்தாலும் அதன் எழில் கெடாது என்று நற்றிணை 201 சொல்லும்போது, அதற்கு எதுவும் நேர இயலாது என்பதே உறுதிப்படுகிறது. கபிலரின் குறுந்தொகை 100ஆம் பாடலில் தலைவன் தான் விரும்பிய பெண்ணை இப்பாவையோடு ஒப்பிட்டு, மணத்தற்கு அரியவள் என்கிறான். அங்குப் பேசுபவன் பார்ப்பவனே.

ஒரு பாடல் மட்டும் வேறு திசையில் செல்கிறது. பரணரின் குறுந்தொகை 89இல் கொல்லிப்பாவை போன்ற அழகுடைய இளம்பெண் உலக்கை கொண்டு குற்றியபடி வள்ளைப்பாட்டுப் பாடுகிறாள். அவள் பாடியதை அயலார் பழித்துப் பேசுகின்றனர். அப்பேதைமை உடைய ஊரின் பேச்சுக்கு வருந்துவானேன் என்று தோழி கேட்கிறாள். உருவமாக நிற்கும்வரை போற்றப்பட்டவள் வாய் திறந்ததும் ஊர்ப்பேச்சுக்கு உள்ளாகிறாள். பாவை என்னும் சொல் பதுமையையும் பெண்ணையும் மட்டுமன்றிக் கண்ணின் கருமணியையும் குறிக்கும் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம். பார்க்கப்படுவதற்கும் பார்ப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருந்தது.

சங்கத் தொன்மத்துக்கும் காலனியச் சட்டத்துக்கும் நேரடி வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. எனினும் இரண்டும் தீங்கை ஒரே இடத்தில், அதாவது பார்ப்பவனிடத்தில், வைத்துக் காண்கின்றன. அவ்வொப்புமையே அடுத்து வரும் வரலாற்றை வாசிக்க ஒரு வழியைத் தருகிறது.

2. ‘கெடுக்கும் தன்மை’: 1868 முதல் 1969 வரை

ஆபாச நூல்களுக்கும் படங்களுக்கும் எதிராக இந்தியாவில் 1856இலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவில் ஆபாச நூல் விற்பனையைக் குற்றமாக்கியது. எது ஆபாசம் என்று அது வரையறுக்கவில்லை. அவ்வெற்றிடத்தை 1868இல் இங்கிலாந்தில் ஹிக்ளின் வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்த அளவுகோல் நிரப்பியது. தீய தாக்கத்துக்கு இடங்கொடுக்கும் மனத்தினர் கையில் ஒரு நூல் கிடைத்தால், அது அவர்களை ஒழுக்கக்கேட்டுக்கு உள்ளாக்கும் போக்குடையதா என்பதே அந்த அளவுகோல். இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் இரஞ்சித் உதேசி வழக்கில் இதனை ஏற்றது. 1969இன் திருத்தம் ‘கெடுத்தல்’, ‘சீரழித்தல்’ என்னும் அதே கருத்துகளை 292ஆம் பிரிவின் வாசகத்துக்குள்ளேயே சேர்த்தது. இலண்டன் நீதிபதி ஒருவர் சொன்னது, 101 ஆண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற நாட்டின் சட்டவரியாயிற்று.

இந்த அளவுகோல் நடைமுறையில் யார்மீது பாய்ந்தது என்பதற்குச் சென்னை மாகாணத்தின் தொடக்கக்கால எடுத்துக்காட்டு ‘ராதிகா சாந்த்வனமு’. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையைச் சேர்ந்த முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் இயற்றிய இக்காப்பியத்தைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். நூலாசிரியரும் பதிப்பாசிரியரும் தேவதாசி மரபினர். சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் முன்னரே முத்துப்பழனியின் கவிதையை நாணமற்றது எனப் பழித்திருந்தார். ஆண்கவிஞர்கள் எழுதிய சிருங்காரத்தை ஏற்றுப் பதிப்பிக்கும் அறிஞர்கள், அதையே ஒரு பெண் எழுதினால் ஏற்க மறுப்பது ஏன் என்பது நாகரத்தினம்மாளின் எதிர்வினா. 1911இல் நூல் பறிமுதல் செய்யப்பட்டது. தங்குதூரி பிரகாசத்தின் ஆட்சிக்காலத்தில்தான் தடை விலகியது. சமய இலக்கியங்களிலும் கோயிற் சிற்பங்களிலும் பெண்ணுடல் வருணனை தடையின்றி நிலவிய அக்காலத்தில், பெண்ணின் விருப்பத்தைப் பெண்குரலில் பேசிய நூல் தண்டிக்கப்பட்டது. வள்ளை பாடியவளைப் பழித்த அயலாரின் இடத்தில் இப்போது அரசு நின்றது எனலாம்.

‘ஆபாசம்’ என்னும் சொல்லின் பயணமும் இதே காலத்தில் கவனிக்கத்தக்கது. வடமொழியில் தோற்றம், போலித்தோற்றம் என்னும் பொருள்களைத் தரும் இச்சொல், தமிழில் தூய்மைக்கேடு, இழிவு என்னும் பொருளுக்கு நகர்ந்தது. சுயமரியாதை இயக்கத்தினர் ‘புராண ஆபாசம்’ என்று எழுதியபோது, பகுத்தறிவுக்குப் பொருந்தாமை, ஒழுக்கக்கேடு ஆகிய இரண்டையும் அச்சொல் ஒருங்கே சுமந்தது. பிற்காலச் செய்தித்தாள்களில் அது பாலியல் காட்சிக்கு மட்டுமே உரிய சொல்லாகச் சுருங்கியது. எந்தப் பொருளிலும் அச்சொல் ஒரு பண்பை மட்டுமே குறித்தது. ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் செயலைக் குறிக்கவில்லை. இக்குறைபாட்டின் விளைவு இணையக் காலத்தில்தான் முழுமையாக வெளிப்பட்டது.

3. பெயரிழந்த உடல்கள்

அச்சு ஊடகத்தில் பெண்ணுடலைச் சரக்காக்கிய மஞ்சள் இதழியலுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட எடுத்துக்காட்டு சி. என். இலட்சுமிகாந்தன். 1943இல் ‘சினிமா தூது’, பின்னர் ‘இந்து நேசன்’ ஆகியவற்றின் வழியாக நடிகர் நடிகையரின் அந்தரங்கம் பற்றிய வம்புகளை அவர் அச்சிட்டு விற்றார். 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றதும், இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்ற மேல்முறையீட்டுக்குப் பின் 1947இல் விடுதலையானதும் பலமுறை எழுதப்பட்ட செய்திகள். அவ்வெழுத்துகளில் பெரும்பாலானவை வீழ்ந்த ஆண் நட்சத்திரங்களின் துயரக்கதையாகவே அமைந்துள்ளன. இதழ்களின் விற்பனைக்கு முதலாக இருந்த நடிகையரின் இழப்பு அவ்வரலாற்றின் ஓரத்துக்கே தள்ளப்பட்டது.

அடுத்த தலைமுறையில் ‘சரோஜாதேவி’ என்னும் பெயர் தாங்கிய மலிவுப் பாலியல் நூல்கள் பேருந்து நிலையக் கடைகளில் மறைத்து விற்கப்பட்டன. (அதே பெயருடைய திரைக்கலைஞருக்கும் இந்நூல்களுக்கும் தொடர்பில்லை.) எழுதியவர் யாரென்று வாசகருக்குத் தெரியாது, அட்டையில் பெண்பெயர் இருந்தது. பெண்ணே தன் இன்பத்தை வாசகனுக்கு விரும்பிச் சொல்வதான பாவனையை அப்பெயர் உண்டாக்கியது. முத்துப்பழனியின் உண்மைக் குரல் தடைக்கு உள்ளான நிலத்தில், புனையப்பட்ட பெண்குரலுக்குச் சந்தை இருந்தது. ‘எப்போதும் இசைபவள்’ என்னும் பாலின வார்ப்பு தமிழ் வெகுசனப் பாலியல் எழுத்தில் நிலைபெற்றதற்கு இந்நூல்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நாளிதழ் தொடர்கதையையும் துப்பறியும் நாவலையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தமிழ் வெகுசனப் பண்பாட்டு ஆய்வுகள் இவற்றைத் தயக்கத்தோடே அணுகியுள்ளன.

சிறுநகரத் திரையரங்குகளின் ‘பிட்டு’ இதற்கு அடுத்த கட்டம். தணிக்கைச் சான்று பெற்ற படத்தின் நடுவே சான்று பெறாத துண்டுச்சுருளைச் சேர்த்து ஓட்டுவதே பிட்டு. தலைப்பு, நடிப்பவர் பெயர், தயாரிப்பாளர் பெயர் எதுவும் இன்றி இடையில் தோன்றி மறையும் அச்சுருள், பண்டமாக்கலின் மிகத் தெளிவான வடிவம். அமெரிக்கத் தத்துவவியலாளர் மார்த்தா நுஸ்பாம் 1995இல் பண்டமாக்கலின் கூறுகளாகச் சுட்டியவற்றுள் தன்னாட்சி மறுப்பு, ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக்கொள்ளும் தன்மை, உரிமைப்பொருளாக்கல் ஆகிய மூன்றும் இங்கு அப்படியே பொருந்துகின்றன. எந்தப் படத்தின் நடுவிலும் எந்தத் துண்டையும் செருகலாம்; அதிலுள்ளவள் யார் என்பது ஒரு பொருட்டன்று.

பெயருள்ளவர்க்கும் இந்நிலை முழுமையாக விலகவில்லை. ஆந்திரத்தில் பிறந்த விஜயலட்சுமி, 1980இல் வெளிவந்த ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் ஏற்ற சாராயக்கடைப் பெண்ணின் பெயரான ‘சில்க்’ என்பதையே வாழ்நாள் முழுவதும் சுமந்தார். பாத்திரத்தின் பெயர் நடிப்பவரின் பெயரை விழுங்கியதற்கு இவரைவிடத் தெளிவான சான்று தமிழ்த் திரையுலகில் அரிது. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) போன்ற படங்களில் கவர்ச்சிக்கு அப்பாற்பட்ட வேடத்தில் தம் நடிப்பாற்றலைக் காட்டிய பின்னரும், திரைத்தொழில் அவரைப் பெரும்பாலும் நடனக்காட்சிக்கே அழைத்தது. 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் அவர் இறந்தார். திரையில் பெண் காட்சிப்பொருளாகவும் ஆண் பார்வையின் உரிமையாளனாகவும் அமைவதை லாரா மல்வி 1975இல் கோட்பாடாக்கினார். தமிழ்ச் சூழலில் அதனோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: காட்சிக்குரியவள், மனைவியாதற்குரியவள் என்ற இருகூறாக்கம். கவர்ச்சி நடிகை தனி வேலைப்பிரிவாகவே நிலைத்ததற்கு அதுவே அடிப்படை.

4. 1986இன் பாதித் திருப்பம்

பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1986இல் நிறைவேறி 1987 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் உருவத்தையோ உடலையோ பெண்களை இழிவுபடுத்தும் வகையில் காட்டுவது என்னும் வரையறை, தீங்கின் இருப்பிடத்தை முதன்முறையாகப் பெண்ணை நோக்கி நகர்த்தியது. இதற்குச் சற்று முன்னர் அமெரிக்காவில் கேதரின் மெக்கின்னனும் ஆண்ட்ரியா டுவோர்கினும் 1983இல் மினியாபொலிஸ் நகருக்காக வரைந்த சட்டமுன்வடிவு, பாலியல் படங்களை ஒழுக்கப் பிரச்சினையாகக் கருதாமல் பெண்களின் குடியுரிமையை மீறும் செயலாக வரையறுத்தது. அந்நகரில் அது நடைமுறைக்கு வரவில்லை. அதனைப் பின்பற்றி இண்டியானாபொலிஸ் இயற்றிய சட்டத்தையும் நீதிமன்றங்கள் பேச்சுரிமைக்கு முரணானது என நீக்கின.

இந்தியச் சட்டத்துக்கு அத்தகைய தடை ஏற்படவில்லை; ஆனால் அதன் வரையறையே இறுதியில் ‘அல்லது பொது ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடிய’ என்று முடிந்து பழைய தடத்துக்குத் திரும்பிவிடுகிறது. மேலும் அச்சட்டம் ‘பெண்கள்’ என்னும் பொதுவகையினரின் மானத்தைக் காத்ததே தவிர, குறிப்பிட்ட படத்தில் உள்ள குறிப்பிட்ட பெண்ணின் இசைவைப் பற்றி எதுவும் பேசவில்லை. மானம் கூட்டத்துக்கு உரியதாகும்போது அதைக் காக்க முன்வருவோரும் கூட்டமாகவே வருகின்றனர்.

5. திருச்செங்கோடு: யாருடைய மானம்?

அதனை நாமக்கல் மாவட்டமே கண்டது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளியானபோது எதிர்ப்பு எழவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பின், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டங்கள் தொடங்கின. குழந்தையில்லாத இணையரான காளி, பொன்னா ஆகியோரின் கதையில் தேர்த்திருவிழாவின் ஓர் இரவு பற்றிய பகுதி, ஊர்ப்பெண்களின் மானத்தைக் குலைக்கும் ஆபாசம் எனப்பட்டது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் நிபந்தனையற்ற மன்னிப்புக்கு உட்படுத்தப்பட்டார். அதன்பின் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு 2016 ஜூலை 5 அன்று அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

கருத்துரிமையின் வெற்றியாக இத்தீர்ப்பு சரியாகவே போற்றப்பட்டது. இக்கட்டுரையின் கோணத்தில் எதிர்ப்பின் மொழியே ஆழ்ந்த வாசிப்புக்கு உரியது. மானத்துக்காகப் பேசியவர்கள், பிள்ளையில்லை என்பதற்காகப் பொன்னா நாள்தோறும் அடையும் இழிவைப் பேசவில்லை. நாவல் உண்மையில் விசாரணை செய்யும் பாலின வார்ப்பு ‘மலடி’ என்பதே. அது யாருக்கும் ஆபாசமாகத் தோன்றவில்லை. 2014 பிப்ரவரியில் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஹிக்ளினைக் கைவிட்டுச் ‘சமகாலச் சமூக அளவுகோல்’ என்பதை முன்வைத்திருந்தது. அது தாராளமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கும் அளப்பவர் பார்ப்பவரே. சமூகம் என்னும் பெயரில் யார் பேசுவார் என்பதற்குத் திருச்செங்கோடு ஒரு விடை.

இதே பத்தாண்டுகளில் தமிழ்ப் பெண்கவிஞர்கள் எதிர்கொண்டதையும் சேர்த்து நோக்கவேண்டும். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு 2002இல் வந்தபோது தலைப்புக்காகவே தாக்கப்பட்டது. சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் ஆபாசம் எழுதுவதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அதே சொல்லை ஆண்பாடலாசிரியர்கள் திரைப்பாட்டில் உவமையாக்கி எழுதிய நாட்டில் இது நிகழ்ந்தது. நாகரத்தினம்மாளின் 1910ஆம் ஆண்டு வினா தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் விடையின்றி நின்றது.

6. எழும்பூர், 2004

இணையத்துக்கென இந்தியா இயற்றிய முதற்சட்டமான 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 67ஆம் பிரிவில் மின்வடிவ ஆபாசத்தைத் தண்டிக்கிறது. அதன் வாசகம் 292ஆம் பிரிவின் ‘கெடுத்தல், சீரழித்தல்’ என்பதை அப்படியே பெயர்த்தெடுத்தது. அப்பிரிவின்கீழ் நாட்டில் முதலில் தண்டனை பெற்றுத் தந்ததாகப் பரவலாகக் குறிப்பிடப்படுவது சென்னை வழக்கு ஒன்றே.

மணவிலக்குப் பெற்ற பெண் ஒருவர், தம்மை மணக்க விரும்பிய ஓர் ஆணை மறுத்தார். அந்த ஆண் அப்பெண்ணின் பெயரில் போலி மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, பாலியல் அழைப்பு போன்ற செய்திகளை அவருடைய தொலைபேசி எண்ணோடு இணையக் குழுமத்தில் இட்டார். அறியாத ஆண்களின் அழைப்புகள் தொடர்ந்தன. 2004 பிப்ரவரியில் அப்பெண் முறையிட்டார். நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியக் குற்றவழக்குகளின் வழக்கமான வேகத்தைக் கருதினால் இது வியப்பூட்டும் விரைவு.

இவ்வழக்கின் உண்மைப் பொருள் என்ன? பெண்ணின் பெயரைத் திருடி, ‘எப்போதும் இசைபவள்’ என்னும் வார்ப்பை அவர்மீது ஏற்றிய செயல். சரோஜாதேவி நூல்களின் புனைபெயர் உத்தியே இது. வேறுபாடு, இங்குப் பெயருக்குப் பின்னால் உயிருள்ள ஒருவர் இருந்தார் என்பதே. ஆனால் 67ஆம் பிரிவு கேட்கத் தெரிந்த வினா, அச்செய்தியைப் படித்தவர் மனம் கெட்டிருக்குமா என்பது மட்டும். ஆதலால் அப்பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தண்டனைச் சட்டத்தின் இரு பழைய பிரிவுகள் துணைக்கு வந்தன: நற்பெயரைக் கெடுக்கும் பொய்யாவணம் (469), பெண்ணின் நாணத்தை அவமதித்தல் (509). தண்டனை மூன்றின்கீழும் வழங்கப்பட்டது. சட்ட வரலாற்றில் இது இணையக் குற்றத்தின் தொடக்கமாகக் குறிக்கப்படுகிறது. ‘ஆபாசம்’ என்னும் கருத்தாக்கம் தன் போதாமையை நீதிமன்ற ஆவணத்திலேயே பதிவுசெய்த நாளாகவும் அதனைக் கொள்ளலாம்.

7. இசைவு சட்டமாதல்

போதாமை படிப்படியாகவே உணரப்பட்டது. 2008இன் திருத்தத்தால் சேர்ந்த 66இ பிரிவு, ஒருவருடைய உடலின் அந்தரங்கப் பகுதியை இசைவின்றிப் படமெடுப்பதையும் பரப்புவதையும் அந்தரங்க உரிமை மீறலாக்கியது. வர்மா குழுவின் அறிக்கைக்குப் பின் 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354சி பிரிவு இன்னும் நுட்பமானது. படமெடுக்க இசைந்த பெண் அதைப் பரப்ப இசையவில்லையெனில் பரப்புவது குற்றம் என்று அதன் விளக்கம் தெளிவாக்கியது. பார்ப்பவன் கெட்டானா இல்லையா என்பது இங்கு வினாவே அன்று. கொல்லிப்பாவை மரபு கேளாத வினாவைச் சட்டம் கேட்கத் தொடங்கியது இங்கேதான்.

ஆயினும் பழைய வினா ஓய்ந்துவிடவில்லை. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடைசெய்யப் பணித்தபோது, பண்பாட்டுச் சீரழிவு பற்றிய கவலையே முன்னின்றது. அதே மாதம் 24ஆம் நாள் அத்தடை விலகியது.

2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சிறார் பாலியல் படங்களைக் கைப்பேசியில் பதிவிறக்கி வைத்திருந்த ஒருவர்மீதான வழக்கை நீக்கியது. தனியாகப் பார்த்தவர் பிறர்க்குப் பரப்பவில்லை என்பது அதன் வாதத்தின் மையம். பார்வைப் பழக்கத்துக்கு அடிமையாவோர்க்கு உதவி தேவை என்றும் தீர்ப்பு பேசியது. தீங்குற்றவராக மீண்டும் பார்ப்பவரே தோன்றினார். உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று இத்தீர்ப்பை நீக்கியதோடு, சட்டத்தில் வழங்கும் சொல்லையே மாற்றவேண்டும் என்றது. ‘ஆபாசப் படம்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல் இசைந்து நடந்த ஒன்றைப் போலத் தோன்றச் செய்கிறது. நடந்தது ஒரு குழந்தையின்மீதான சுரண்டல். அப்படம் அக்குற்றத்தின் ஆவணம். ஒவ்வொரு முறை பார்க்கப்படும்போதும் அக்குழந்தை மீண்டும் தீங்குறுகிறது என்பதே அத்தீர்ப்பின் அடித்தளம். அதற்கு முந்தைய மாதங்களில், 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ இரு வினாக்களையும் அருகருகே வைத்துக்கொண்டது. இசைவை மையமாகக் கொண்ட 354சி அதில் 77ஆம் பிரிவாயிற்று. 1868இன் சொற்கள் மின்வடிவத்தையும் சேர்த்துக்கொண்டு 294ஆம் பிரிவாயின.

எந்தப் பிரிவு முன்னிற்கிறது என்பது காவல்நிலையத்தில், முறையீடு எழுதப்படும்போதே முடிவாகிறது. 2025 ஜூலையில், இசைவின்றிப் பரப்பப்பட்ட தம் அந்தரங்கக் காட்சிகளை அகற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய ஒரு பெண்ணின் வழக்கில், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்குமாறு ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். விசாரணையின்போது ஆண் காவலர்கள் முன்னிலையில் அப்பெண் அக்காட்சிகளை அடையாளம் காட்ட நேர்ந்ததையும் நீதிமன்றம் கண்டித்தது. குற்றத்தை மெய்ப்பிக்க, பார்க்கப்பட்டவள் இன்னொரு முறை பார்வைக்கு உள்ளாக வேண்டியிருந்தது.

இதனைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் இன்னும் ‘ஆபாச வீடியோ’ என்பதே. எடுத்தவனையும் பரப்பியவனையும் அச்சொல் சுட்டுவதில்லை. படத்திலும் அதிலுள்ள உடலிலும் மட்டும் அது ஒட்டிக்கொள்கிறது. முறையீட்டுப் படிவத்தில், தனக்கு இழைக்கப்பட்டதைக் காளப்பநாயக்கன்பட்டியிலோ சென்னையிலோ ஒரு பெண் எழுத முற்படும்போது, தன் உடலையே ஆபாசம் என்று அழைத்த பின்னரே அடுத்த சொல்லுக்குச் செல்ல முடிகிறது.